நாற்பது செக்கன் போதும்

முதல் தடவை ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் போன நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்புத்தான் வரும். 2017. முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளுக்குப் போகும் வழியில் ஒரு பாடசாலை. தரம் 9, 31 பிள்ளைகள். வவுனியாக் கடையொன்றில் வாங்கிய, தேங்காய்ச் சிரட்டை அளவு புளூடூத் ஸ்பீக்கர். முதல்நாள் இரவே பிபிசியின் ‘6 மினிட் இங்கிலிஷ்’ நிகழ்ச்சி ஒன்றைப் போனில் இறக்கி வைத்திருந்தேன். பாடப்புத்தகமும் என் குரலும் தவிர வேறு ஆங்கிலம் கேட்டிராத பிள்ளைகளுக்கு லண்டனைக் கொண்டுவந்து மேசையில் வைக்கப்போகிறேன் என்ற நினைப்பு எனக்கு.

போட்டேன். முதல் நிமிடம் எல்லோரும் நிமிர்ந்து இருந்தார்கள். இரண்டாவது நிமிடம் கண்கள் ஸ்பீக்கரில் மினுங்கிய நீல வெளிச்சத்துக்குப் போய்விட்டன. மூன்றாவது நிமிடம் பின் வாங்கில் ஒருவன் பென்சில் சீவத் தொடங்கினான். முடிந்ததும், என்ன விளங்கினது என்று தமிழிலேயே கேட்டேன்.

“ரீச்சர், ரெண்டு பேர் கதைச்சவை. ஒரு ஆம்பிளை, ஒரு பொம்பிளை.”

“வேற?”

“சண்டை பிடிக்கேல்லை,” என்றாள் பக்கத்து வரிசையில் இருந்தவள்.

அவ்வளவுதான். ஆறு நிமிடத்துக்கு இரண்டு தகவல். இரண்டும் சரியான தகவல் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சொல்வளம் போதாது என்றுதான் அன்று நினைத்தேன். அந்த நிகழ்ச்சியின் எழுத்து வடிவம் பிபிசியின் தளத்திலேயே கிடைக்கும். அடுத்த நாள் அதைப் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அகராதியை வைத்துக்கொண்டு பாதிக்கு மேல் வாசித்து விளங்கிக்கொண்டார்கள்! பீப்பிள், மணி, வேர்க், எவ்ரி டே என்று அவர்களுக்கு மூன்றாம் நான்காம் தரத்திலேயே தெரிந்த சொற்கள்தான் அதில் நிறைய இருந்தன. கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்குத் தெரியவில்லை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது.

அதை அவர்களுக்கு விளங்கவைக்க ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழுக்கே வந்தேன். ஒரு வெள்ளைக்காரன் புத்தகத்தில் தமிழ் படித்துவிட்டு உங்கள் வீட்டுக்கு வருகிறான் என்று வையுங்கள், நீங்கள் புறப்படும்போது அவனுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். “போட்டு வாறன்,” என்றார்கள். சரி, அவன் அகராதியில் என்ன சொல்லைத் தேடுவான்? ஒருத்தி யோசித்துவிட்டு, “போடுறது!” என்று கத்தினாள். வகுப்பே சிரித்தது. எதையோ கீழே போட்டுவிட்டு வருகிறான் என்று அந்த வெள்ளைக்காரன் நினைத்திருப்பான். ‘போய்விட்டு வருகிறேன்’ என்பது நம் வாயில் ‘போட்டு வாறன்’ ஆகிறது. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்பது ‘வந்தொண்டிருக்கிறன்’ ஆகிறது. நாம் சொல்லை விழுங்குவதில்லையா? அவர்களும் விழுங்குகிறார்கள். நாம் விழுங்குவது நமக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து விழுங்கிய சொல்லைத் தேடுவதுதான் எங்கள் கேட்டல் பாடம். அதற்கு நான் வைத்திருக்கும் ஒரே ஆயுதம், எண்ணுவது. ஒரு வசனத்தைப் போடுவேன். பொருள் கேட்க மாட்டேன். எத்தனை சொல் என்று மட்டும் கேட்பேன். ‘வற் ஆர் யூ கோயிங் ரு டூ வித் இற்’ என்ற வசனத்தில் எட்டுச் சொல் இருக்கிறது. இயல்பான வேகத்தில் அது ‘வொடயு கொன டூ விதிற்’ என்பது மாதிரித்தான் காதில் விழும். முதல் தடவை நான்கு என்றார்கள். இரண்டாம் தடவை ஐந்து. ஆறு என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் அவனை அடிக்காத குறை. எண்ணிக்கையில் சண்டை வந்துவிட்டால் பாடம் தானாக ஓடும். திருப்பிப் போடச் சொல்லி அவர்களே கேட்பார்கள். ஆங்கிலம் தெரியாத பிள்ளையும் எண்ணலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விசயம். வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறும் ஒருவன் எண்ணுவதில் எல்லோரையும் வென்றான். அவனுக்குக் காது கூர்மை. அப்பாவோடு காட்டுக்குத் தேன் எடுக்கப் போகிறவன்.

முழு நிகழ்ச்சியைப் போடுவதையும் நிறுத்தினேன். ஆறு நிமிடத்தில் நாற்பது செக்கனை மட்டும் வெட்டி எடுப்பேன். ஒரு பாடவேளை 40 நிமிடம், அதற்கு 40 செக்கன். குறைவு என்று தோன்றும். ஆனால் அதை எட்டுப் பத்துத் தடவை கேட்க வேண்டும். முதல் தடவை பேனை மேசையில், கொப்பி மூடி. யார், எங்கே, கோபமா சந்தோசமா, இவ்வளவும் போதும். பிறகு ஒரு வசனத்தை எடுத்து எண்ணுவது. பிறகு கேட்ட சொற்களை ஆளுக்கொன்றாகச் சொல்ல, கரும்பலகையில் இடைவெளி விட்டு எழுதுவேன். பெரிய சொற்கள் முதலில் வந்து விழும். எலிபன்ற், ஃபாமர், நைற். இடையில் இருக்கும் ‘த’, ‘ஒஃப்’, ‘அ’, ‘ரு’ போன்ற பொடிச் சொற்கள்தான் வராது. அவற்றைப் பிடிக்கத்தான் மிச்ச நேரம். எழுத்து வடிவத்தைக் கடைசியில்தான் கையில் கொடுப்பேன். முதலே கொடுத்தால் பிள்ளை வாசிக்கும், காது தூங்கும். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி.

கடைசி ஐந்து நிமிடம் கோரஸ். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் படிக்கவில்லை. என் பெரியப்பா கோவலன் கூத்து ஆடியவர். முல்லைத்தீவுப் பக்கத்தில் அதற்கென்று ஒரு மோடி, அதாவது ஒரு பாணி, உண்டு. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒரு வரியைப் பாடுவாராம், பெரியப்பா அந்த இழுவை, அந்த நிறுத்தம், அந்த மூச்சோடு திருப்பிப் பாட வேண்டுமாம். சொல் சரி, இழுவை பிழை என்றால் திரும்ப முதலிலிருந்து. அதே வேலையைத்தான் ஸ்பீக்கரோடு செய்கிறோம். நிறுத்தி, ஒரு வரி, வகுப்பு முழுவதும் அதே மெட்டில். ஆங்கிலத்தில் ஒரு சொல்லை அழுத்தி மற்றதை அமுக்கிச் சொல்லும் தாளம் எழுத்தில் இல்லை. வாயில் வந்தால்தான் அடுத்த தடவை காது அதைப் பிடிக்கும்.

என் அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில், யுத்த காலத்தில், மல்லாவியில் இருந்தோம். கரண்டும் இல்லை, பற்றறியும் தடை. பழைய பற்றறியை வெயிலில் காயவைத்து, அதுவும் கைவிட்டால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்போம். இரவு ஒன்பதேகால் பிபிசி தமிழோசைக்குச் சுற்றுவது என் பொறுப்பு. கை ஓய்ந்தால் குரல் தேய்ந்து போய்விடும். வேகமாகச் சுற்றினால், “மெதுவாப் பிள்ளை, றேடியோ எரியப்போகுது,” என்று அப்பா கத்துவார். செய்தியில் பாதிதான் காதில் விழும். ஆனால் அப்பா முழுச் செய்தியையும் பக்கத்து வீட்டுக்குச் சொல்லுவார். எனக்கு ஆச்சரியம். நானும் அதே றேடியோவைத்தானே கேட்டேன்? பிறகுதான் விளங்கியது. நேற்று நடந்தது அவருக்குத் தெரியும், முந்தநாள் நடந்ததும் தெரியும். காதில் விழாத பாதியை அவர் அங்கிருந்து எடுத்துப் போட்டார். எனக்கு எடுத்துப்போட ஒன்றும் இருக்கவில்லை.

வகுப்புக்கு நிகழ்ச்சி தெரிவு செய்யும்போது இதைத்தான் பார்க்கிறேன். என் பிள்ளைகளிடம் எடுத்துப்போட என்ன இருக்கிறது? லண்டன் சுரங்க ரயில் பற்றியோ கோப்பிக் கடைகள் பற்றியோ எவ்வளவு தெளிவாகக் கதைத்தாலும் அவர்களுக்கு வெறும் சத்தம்தான். யானை என்றால் வேறு.

ஒருநாள் யானைப் பாடம் நடந்தது. கென்யாவில் தோட்டத்துக்குத் தேன்கூட்டு வேலி போடுகிறார்கள். கம்பங்களுக்கு இடையில் பத்து மீற்றருக்கு ஒன்றாகத் தேன்பெட்டியைக் கட்டி, எல்லாவற்றையும் கம்பியால் தொடுத்துவிடுவது. யானை கம்பியில் முட்டினால் பெட்டி ஆடும், தேனீ கிளம்பும், யானை ஓடும். தேனீக்களின் இரைச்சலைப் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் போட்டு, அதற்கே யானைகள் விலகிப் போகின்றன என்பதைத்தான் முதலில் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். இது பற்றிய நிகழ்ச்சிகள் நிறைய உண்டு, ஆனால் எல்லாமே தரம் 9க்குப் பாரம். அதனால் விசயத்தை எடுத்து, எளிய ஆங்கிலத்தில் ஏழு வசனம் நானே எழுதினேன். குரலுக்கு என்ன செய்வது? லண்டனில் இருக்கும் மச்சாளின் மகளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவள் அங்கே பிறந்து வளர்ந்தவள், பதினாறு வயது. “மாமி, எவ்வளவு ஸ்லோவா வாசிக்க?” என்று கேட்டாள். மெதுவாக வேண்டாம், உன் சிநேகிதியோடு கதைக்கிற மாதிரி வாசி என்றேன். 43 செக்கன் வந்தது.

வகுப்பில் போட்டதும் முதல் கேள்வி, “ரீச்சர், இவா எங்கட ஆளோ?” எங்கட ஆள்தான் என்றதும் அடுத்த தடவை இன்னும் கூர்ந்து கேட்டார்கள்.

அதில் ஒரு வசனம், வெறும் வேலியால் யானையைத் தடுக்க முடியாது என்பது. ‘யூ கான்ற் கீப் தெம் அவுற்’. வகுப்பில் பெரும்பாலானோர் ‘கேன்’ என்று எழுதியிருந்தார்கள். தடுக்கலாம் என்று பொருள் தலைகீழாகப் போய்விட்டது. நான் பார்த்ததில் நம் பிள்ளைகள் எல்லோரும் விழுகிற குழி இது. நாங்கள் வகுப்பில் ‘கேன்’ என்று நீட்டி அழுத்திச் சொல்லிக் கொடுக்கிறோம். வெள்ளைக்காரர் கதைக்கும்போது அது ‘க்ன்’ என்று சுருங்கிப் போய்விடும். ‘கான்ற்’ என்பதில்தான் நீட்டலும் அழுத்தமும் இருக்கும், கடைசி ‘ற்’ அடுத்த சொல்லுக்குள் கரைந்துவிடும். ஆகவே நீண்டு ஒலித்தால் முடியாது, சுருங்கி ஒலித்தால் முடியும். ‘ற்’ கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தது என் பிழை. நீளம் கேட்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இந்த ஒன்றைப் பிடிக்க எனக்குப் பல வருடம் போனது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பாடம் அதோடு முடியவில்லை. வயல் காவலுக்குப் போகும் ஒருவரின் மகன் எழுந்தான். “ரீச்சர், எங்கட யானை வெடிக்கே பயப்பிடுறேல்லை, தேனிக்குப் பயப்பிடுமோ?” இங்கிலிஷில் சொல்லு என்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, மேலே கூரையைப் பார்த்தபடி சொன்னான்: “எலிபன்ற் நோ ஃபியர். மை ஃபாதர் ஃபயர் கிறக்கர்ஸ். எலிபன்ற் ஈற்.” அப்பா வெடி கொளுத்துகிறார், யானை தின்றுகொண்டே நிற்கிறது. அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. நான் இலக்கணம் திருத்தவில்லை. தேன் எடுக்கிற பெடியன் எழுந்து, இங்கத்தைத் தேனி சாது, ஆபிரிக்காத் தேனிதான் பொல்லாதது என்று தன் பங்குக்கு ஒரு காரணம் சொன்னான். அவன் சொன்னதில் விசயம் இருந்தது. ஆபிரிக்கத் தேனீக்கள் நம் பெட்டித் தேனீயைவிட மூர்க்கமானவை. இலங்கையிலும் வஸ்கமுவப் பக்கம் இந்த வேலியைப் பரீட்சித்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அப்போ நாங்களும் கேட்கலாமே, யாருக்குக் கடிதம் எழுதுவது என்று ஆரம்பித்துவிட்டார்கள். மணி அடித்தது.

இனிச் சாமான்கள் விசயம். ஸ்பீக்கர் வாங்கும்போது கடையில் ‘பேஸ்’ நல்லா அடிக்கும் என்று காட்டுவார்கள். பாட்டுக்கு அது சரி, பாடத்துக்கு அதுதான் எதிரி. ‘ஸ்’, ‘ஃப்’, ‘ற்’ போன்ற ஒலிகள் மேல் சுருதியில் மெல்லியதாக வருபவை. கீழே ‘தொம் தொம்’ என்று அடித்தால் அவை அமுங்கிப் போய்விடும். போனில் ஈக்குவலைசர் இருந்தால் பேஸைக் குறைத்துவிடுங்கள். ஸ்பீக்கரை ஆசிரியர் மேசையில் வைக்காதீர்கள். வகுப்பின் நடுவில் ஒரு கதிரையில் வைத்து, பிள்ளைகளைச் சுற்றி இருத்துங்கள். சத்தத்தைக் கூட்டத் தேவையில்லை. எங்கள் வகுப்புகள் அரைச்சுவர்தான், கூட்டினால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். அதிலும் தகரக் கூரை வகுப்பென்றால் ஐப்பசி கார்த்திகையில் கேட்டல் பாடத்தை மறந்துவிடுங்கள். மாரி மழைக்கு முன்னால் எந்த ஸ்பீக்கரும் நிற்காது. நான் இதை தை மாதத்திலிருந்து புரட்டாதிக்குள் முடித்துக்கொள்வேன், அதுவும் முடிந்தால் முதலாம் பாடவேளையில்.

வகுப்பு பெரிதென்றால் ஸ்பீக்கரே வேண்டாம். வீட்டில் சும்மா கிடக்கும், திரை வெடித்த பழைய போன்களை உறவுக்காரரிடம் வாங்கினேன். சிம் இல்லை, உள்ளே ஒரு மெமரி சிப் மட்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒன்று. அவர்களே நிறுத்தி, அவர்களே பின்னுக்கு ஓட்டிக் கேட்பார்கள். விஎல்சி பிளேயரில் ஒரு துண்டின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துவிட்டால் அதையே திருப்பித் திருப்பிப் போடும். வேகத்தையும் குறைக்கலாம், ஆனால் நான் குறைப்பதில்லை. மெதுவாக்கினால் ஒலி இழுபடுமே தவிர, ஒட்டியிருக்கும் சொற்கள் பிரிந்து வராது. அதற்குப் பதில் ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் நாலு செக்கன் மௌனம் சேர்த்துவிடுவேன். கணினியில் ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பத்து நிமிட வேலை. பிள்ளைக்கு வேண்டியது யோசிக்க நேரம். மெதுவான குரலை அவன் வெளியில் எங்கே கேட்கப்போகிறான்?

டேட்டாவைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. ஆறு நிமிட நிகழ்ச்சி ஒன்று ஆறு எம்பி வரும். வீட்டில் சிக்னல் உள்ள மூலையில் நின்று மாதத்துக்கு நாலு இறக்கினால் ஒரு தவணைக்குப் போதும். இறக்கியதைச் சிப்பில் போட்டு வைத்துவிடுங்கள். இணையத்தில் இன்று இருப்பது நாளை அதே இடத்தில் இருக்கும் என்று நம்பியிருக்கக்கூடாது. பற்றறியையும் முதல்நாளே நிரப்பி வையுங்கள். 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது சார்ஜ் இல்லாத போனைப் பார்த்தபடி நின்றபோது அப்பாவின் சைக்கிள்தான் ஞாபகம் வந்தது.

எந்த நிகழ்ச்சி யாருக்கு? ‘6 மினிட் இங்கிலிஷ்’ சாதாரண தரம், உயர்தரப் பிள்ளைகளுக்குச் சரி. இருவர் கதைப்பது, தொடக்கத்தில் ஒரு கேள்வி போட்டு முடிவில்தான் விடை சொல்வது, இடையில் ஆறு சொல் விளக்குவது என்று அமைப்பு ஒரே மாதிரி இருப்பதால் இரண்டு மூன்று கேட்டால் பழகிவிடும். தொடக்கக் கேள்விக்கு வகுப்பில் பந்தயம் கட்டச் சொல்லுங்கள், முடிவு வரும்வரை காத்திருப்பார்கள். ‘வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா’ வானொலியின் ‘ஸ்பெசல் இங்கிலிஷ்’ பாணி 1959இல் தொடங்கியது. ஏறத்தாழ 1500 சொற்களுக்குள், குறுகிய வசனங்களில், சாதாரண வேகத்தைவிட மூன்றிலொரு பங்கு மெதுவாக வாசிப்பது. வேகத்தைக் குறைப்பதில்லை என்று மேலே சொல்லிவிட்டு இதைச் சொல்வது முரண்தான். மனிதரே நிறுத்தி நிதானமாக வாசிப்பதும் மெசின் இழுப்பதும் ஒன்றல்ல. பயந்த பிள்ளைகளுக்கு முதற்படியாக நல்லது, அங்கேயே தங்கிவிடக்கூடாது. சின்னப் பிள்ளைகளுக்குப் பிரிட்டிஷ் கவுன்சிலின் சிறுவர் கதைகளும் பாட்டுகளும் இருக்கின்றன. தரம் 1, 2இல் வாய்மொழி ஆங்கிலம்தானே, அங்கே இது இன்னும் பொருந்தும், ஆனால் அந்த வகுப்பு என் கையில் இருந்ததில்லை.

இதற்கெல்லாம் ஏச்சும் வாங்கினேன். மேற்பார்வைக்கு வந்த ஒருவர், “படிப்பிக்கிற நேரத்தில றேடியோ போட்டுக் கொண்டிருக்கிறியள்,” என்று கொப்பியில் குறித்துவிட்டே போனார். ஒரு தாய் வந்து, “ரீச்சர், சோதினைக்கு இது வருமோ?” என்று கேட்டார். நேர்மையாகச் சொன்னால், வராது. நான் படிப்பித்த வருடங்களில் சாதாரண தர ஆங்கிலம் எழுத்துத் தாள்தான். இதனால் பெறுபேறு ஏறியதா என்று கேட்டால் அப்படி அடித்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தத் தாய்க்கு நான் சொன்னது இதுதான்: அக்கா, உங்கட மகன் நாளைக்குக் கொழும்பில வேலைக்குப் போனால் போனில ஆர் என்ன சொல்லினம் எண்டு விளங்க வேணும், அங்க ஆரும் எழுதித் தர மாட்டினம். அவர் திருப்தியாகப் போனாரா என்பது தெரியாது. சோதனை நெருங்கும் மூன்றாம் தவணையில் நானும் ஸ்பீக்கரை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பழைய வினாத்தாள்தான் செய்விக்கிறேன். ஊரோடு ஒத்துப்போகவும் வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு புது வேலை தொடங்கினோம். கேட்டது போதும், நாங்களும் நிகழ்ச்சி செய்வோம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, தாளைப் பார்த்து வாசிக்கக்கூடாது, குறிப்பு மட்டும் கையில். இடம், பாடசாலையின் பழைய களஞ்சிய அறை. பழைய சாக்குகளைச் சுவரில் தொங்கவிட்டதும் எதிரொலி நின்றது. ஆனாலும் முதல் பதிவு முழுக்க மயில் அகவும் சத்தம். வெட்டவில்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒருத்தி தன் அம்மம்மாவிடம் கேட்டு வந்து வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலைப் பற்றிச் சொன்னாள். வைகாசிப் பொங்கலுக்கு முதல் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புத் தண்ணீரில் விளக்கெரிப்பது. எங்களுக்குப் பழகிய கதை. மச்சாளின் மகளுக்கு அனுப்பினோம். மறுமொழியாக இரண்டு மூன்று செக்கன் குரல் பதிவு ஒன்று வந்தது. வணக்கமும் இல்லை, பாராட்டும் இல்லை, நேரே கேள்வி. உப்புத் தண்ணீரில் எப்படி விளக்குக் கொளுத்துவது? ‘ஹவ் டு யூ லைற் அ லாம்ப் வித் சீ வோட்டர்?’

வகுப்பில் போட்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை, தானாகவே விரல் மடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

“ஏழு.”

“விசரே, எட்டு.”

“ஒன்பது,” என்றான் தேன் எடுக்கிறவன். “லைற்றுக்கும் லாம்புக்கும் நடுவில ஒரு ‘அ’ கிடக்கு.”

“எங்க கிடக்கு? எனக்குக் கேக்கேல்லை.”

“ரீச்சர், திருப்பிப் போடுங்கோ.”

போட்டேன். கதை சொன்னவள் மட்டும் எண்ணவில்லை. கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பி, அம்மம்மாவிடம் இன்னும் என்ன கேட்க வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தாள்.